சவரக்கத்தியை வீட்டிலேயே தீட்டப் பழகுவது எப்படி?

தாத்தாவின் மடக்குச் சவரக்கத்தி முடியை வெட்டாமல் இழுக்கிறது, நானே தீட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. சமையல் கத்தியைவிட இது ஒரு விதத்தில் எளிது, ஏனென்றால் கோணத்தை நீங்கள் பிடிக்க வேண்டியதில்லை. முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படியும்படி வைத்தால் போதும், கோணம் தானாக அமைந்துவிடும். முதுகைத் தூக்கினால் காரியம் கெட்டது.

கல் சமமாக இருக்க வேண்டும். பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடிமேல் ஒட்டிய உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். கோடுகள் முழுதும் அழிந்தால் சமம். வாய் ரொம்ப மழுங்கியிருந்தால் 1000 கிரிட்டில் (கல்லின் நுண்மையைச் சொல்லும் எண்; கூடக் கூட நைசு) தொடங்கி 4000, 8000 என்று போகலாம். லேசாக மழுங்கி, வாயில் பல் (சின்ன உடைவு) விழுந்திராவிட்டால் 1000 தேவையே இல்லை.

கல்லில் வாய் முன்னே போக வேண்டும். அழுத்தவே கூடாது; கத்தியின் எடை போதும். நான் முதலில் கெடுத்தது இங்கேதான். திருப்பும்போது முதுகின்மேல் புரட்டுங்கள்.

அப்புறம் தோல் வாரில் 40, 50 தடவை. அங்கே முதுகு முன்னே, வாய் பின்னே. மாறினால் வார் கிழியும், கத்தியும் மழுங்கும்.

துருவேறி வாயில் குழி விழுந்திருந்தால் மட்டும் முதல் தடவை சாணைக்காரரிடம் கொடுக்கத் தோன்றும். வேண்டாம், சக்கரச் சூட்டில் அந்த மெல்லிய வாயின் பதம் போய்விடும்.