ஓய்வுநாளில் நனைந்த உடையை யூதர்கள் உலர்த்தலாமா?

வெள்ளி மாலை சூரியன் மறையும் முன் தொடங்கி சனி இரவு விண்மீன்கள் தோன்றும்வரை நீளும் சபாத் என்னும் ஓய்வுநாளில், மழையில் நனைந்த உடையைக் கொடியில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடக்கூடாது என்பதே யூதச் சட்டத்தின் விடை. ஆனால் அதன் காரணம் நாம் எதிர்பார்ப்பதன்று.

யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா, சபாத்தில் செய்யக்கூடாதவை என்று பட்டியலிடும் 39 வேலைகளுள் துணி வெளுத்தலும் ஒன்று. ஈரத் துணியைப் பிழிவதும் அதனுள் அடங்கும். உலர்த்துவது அவ்வாறு அடங்குவதில்லை. எனினும், கொடியில் தொங்கும் ஈர உடையைப் பார்ப்பவர் அதைச் சபாத்தில் துவைத்ததாக எண்ணக்கூடும் என்பதால் அது தடுக்கப்பட்டது. வழியில் உடை நீரில் நனைந்தவர் அதை அணிந்தபடியே நடக்கலாம் என்றும், பிறர் கண்ணில் படாமல் வெயிலில் விரிக்கலாம் என்றும் மிஷ்னா இடமளித்தது. மிஷ்னாவை விரித்து விளக்கும் தால்முத் நூலில் வரும் அறிஞர் ராவ் இதை ஏற்கவில்லை; பார்ப்பவர் பொருட்டு விலக்கப்பட்டது உள்ளறையிலும் விலக்கப்பட்டதே என்றார். பின்வந்த சட்டம் அவர் பக்கமே நின்றது. மனிதர் இல்லாத இடத்திலும் ஒழுங்கு மாறக்கூடாது என்ற அந்தக் கண்டிப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

16-ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராக்கோவில் வாழ்ந்த யூதச் சட்ட அறிஞர் மோசே இசர்லஸ், பிழிந்துவிடும் அச்சத்தால் ஈர உடையைக் கையாளுவதையே விலக்கினார். ஆனால் அதன் ஈரத்தைப் பொருட்படுத்துபவருக்கே அவ்விலக்கு பொருந்தும்.

உடையை மடிப்பதிலும் இதே நுணுக்கம் உண்டு: அன்றே மீண்டும் அணிவதற்காகச் சில நிபந்தனைகளுடன் மடிக்கலாம், மறுநாளைக்காக மடிக்கக்கூடாது.