கொரியாவுல நம்ம பட்டாளம் என்ன பண்ணுச்சு? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கொரியப் போர்ல இந்தியா சண்டையே போடல, அப்புறம் எதுக்கு நம்ம ராணுவம் அங்க போச்சு? (வாசகர், தேனி)

சண்டை நின்ன பிறகு கைதிகளைப் பாத்துக்கப் போனாங்க. 1953 ஜூலை 27ல போர்நிறுத்தம் கையெழுத்தாச்சு, ஆனா ஐநா தரப்பு பிடிச்சு வச்சிருந்த சீன, வடகொரியக் கைதிகள்ல 22,000 பேருக்கு மேல ஊர் திரும்ப மாட்டோம்னுட்டாங்க, இவங்க விஷயத்துலதான் பேச்சுவார்த்தையே ஒன்றரை வருஷம் இழுத்துச்சு. கடைசில அஞ்சு நடுநிலை நாடுகளோட கமிஷன், அதுக்குத் தலைவர் நம்ம ஜெனரல் திம்மய்யா, காவலுக்கு மேஜர் ஜெனரல் தோரட் தலைமைல சுமார் 6,000 இந்திய வீரர்கள். தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ தன் மண்ணுல இவங்க கால் வைக்கவே கூடாதுன்னு அடம் பிடிச்சதால, கப்பல்லேர்ந்து ஹெலிகாப்டர்ல தூக்கிட்டுப் போய் எல்லைப் பகுதில இறக்குனாங்க.

கேள்வி: கைதியைக் காவல் காக்குறது அவ்வளவு பெரிய வேலையா சார்? (கல்லூரி மாணவி, கரூர்)

என்னைக் கேட்டா சண்டையை விடக் கஷ்டம்மா. முள்கம்பிக்கு உள்ள கைதிகளோட தலைவருங்க வச்சதுதான் சட்டம், ஊருக்குப் போறேன்னு எவனாவது வாய் திறந்தா அடி உதை, கொலைகூட நடந்துச்சு, அதனால போக ஆசைப்பட்டவன் கம்பி ஏறிக் குதிச்சு நம்ம காவல்காரங்ககிட்ட ஓடி வருவான். செப்டம்பர்ல நம்ம படையோட மேஜர் கிரேவாலை சீனக் கைதிங்க உள்ளயே பிடிச்சு வச்சுக்கிட்டாங்க, தோரட் நேரா அந்தக் கூட்டத்துக்குள்ள போய் பேசியே மீட்டார். அக்டோபர் தொடக்கத்துல கலவரத்தை அடக்க நம்மாளுங்க சுட்டதுல சில கைதிங்க செத்தாங்க, அதையும் சொல்லித்தான் ஆகணும்.

அப்புறம் கைதிங்க ஊருக்குப் போறாங்களா இல்லையான்னு கேக்குற அந்தக் கூடாரம். ஒவ்வொரு கைதியையும் தனித்தனியா கூட்டிட்டு வரணும், எதிர்ல அவன் நாட்டு அதிகாரி உக்காந்து வா தம்பி ஊருக்குப் போலாம்னு கூப்பிடுவார், அஞ்சு நாட்டுப் பிரதிநிதிகளும் பாத்துட்டு இருப்பாங்க, இவன் கத்துவான், பாயுவான், நம்ம வீரர் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும், ஆனா ஊருக்குப் போற வாசலா, மாட்டேன்ங்கிறவங்களுக்கான வாசலா, எது வழியா வெளிய போறதுன்னு முடிவு பண்றது அவன் மட்டும்தான். இதுக்கு 90 நாள் ஒதுக்கியும் நிஜமா நடந்தது 10 நாள்தான், பாதிப் பேர்கிட்டகூட பேசி முடியல. பேசாமயே போன அத்தனை பேரை நினைச்சா எனக்கு இன்னும் மனசு ஆறல.

கேள்வி: எந்தப் பக்கமும் போகாதவங்க யாராவது? (வாசகர், ஓசூர்)

இருந்தாங்க, 88 பேர். 1954 பிப்ரவரில நம்ம படையோட கப்பல்லயே சென்னைக்கு வந்து இறங்குனாங்க, அப்புறம் நிறைய பேர் பிரேசில், அர்ஜென்டினான்னு போய்ட்டாங்க, சிலர் இங்கயே தங்கிட்டாங்க.