மறுக்க ஆளில்லாத செய்தி: ‘தி வயர்’ கேள்வி பதில்

ராயபுரத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ‘தி வயர்’ என்ற அமெரிக்க டிவி தொடரின் கடைசி சீசனைப் பார்த்து முடித்தோம். பால்டிமோர் நகரத்தில் மெக்நல்ட்டி என்ற கொலைப் பிரிவு போலீஸ்காரரும் டெம்பிள்டன் என்ற நிருபரும் ஆளுக்கொரு பொய்யைக் கட்டி வளர்க்கும் கதை. நான் நாளிதழ் டெஸ்க்கில், அதாவது நிருபர்கள் அனுப்பும் செய்தியைத் திருத்தும் பிரிவில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் கேள்விகளையெல்லாம் என்னிடம் கொடுத்துவிட்டார்கள். பதில்களில் கதையின் முடிவும் வரும்.

பெரம்பூர் மாணவி: சார், நேராக ஐந்தாவது சீசனைப் பார்க்கலாமா?

வேண்டாம்மா. 2002 முதல் 2008 வரை மொத்தம் 60 எபிசோட். முதலிலிருந்து பார்த்தால்தான் மெக்நல்ட்டி ஏன் இப்படி ஆனார் என்பது புரியும்.

தண்டையார்பேட்டை அக்கா ஒருவர்: இயற்கைச் சாவைக் கொலையாகக் காட்ட ஒரு போலீஸ்காரரால் முடியுமா?

காலி வீடுகளில் 22 உடல்கள் கிடைத்த வழக்கு பணமில்லை என்று நின்றுபோகிறது. அந்தக் கோபத்தில் மெக்நல்ட்டி, தானாகச் செத்துக் கிடக்கும் வீடற்றவர்களின் கழுத்தில் நெரித்த தடயத்தை உண்டாக்கி, மணிக்கட்டில் சிவப்பு ரிப்பன் கட்டி, பழைய கேஸ் கட்டுகளிலும் எழுதிச் சேர்க்கிறார். தொடர் கொலைகாரன் என்றதும் பணம் வருகிறது. நம் ஊரில் சந்தேக மரணம் என்றால் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 194ஆம் பிரிவு. விசாரணை, பிரேதப் பரிசோதனை எல்லாம் உண்டு. ஆனால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி பிணவறை வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும்: சொந்தக்காரர் நான்கு பேர் நின்றால்தான் கேள்வி எழும். மெக்நல்ட்டிக்குத் தேவைப்பட்டது, கேட்க ஆளில்லாத உடல்.

காசிமேட்டுத் தம்பி: டெம்பிள்டன் மாதிரி நிஜத்தில் யாராவது இருந்தார்களா?

இருந்தார்கள் தம்பி. 1980இல் வாஷிங்டன் போஸ்ட்டில் ஜேனட் குக், ஹெராயினுக்கு அடிமையான எட்டு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். போலீஸ் ஊரெல்லாம் தேடியும் சிறுவன் கிடைக்கவில்லை. அப்படி ஒரு பிள்ளையே இல்லை. 1981இல் அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் பெரிய விருதான புலிட்சர் பரிசு கிடைத்த பிறகுதான், அவர் படித்ததாகச் சொன்ன படிப்பு பொய் என்று தெரிந்து எல்லாம் வெளியே வந்தது. பரிசைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

2003இல் நியூயார்க் டைம்ஸின் ஜேசன் பிளேர், போகாத ஊர்களிலிருந்து செய்தி அனுப்பினார். ஒரு ராணுவ வீராங்கனையின் வீட்டுத் திண்ணையிலிருந்து புகையிலை வயல் தெரிகிறது என்று எழுதினார். அங்கே அப்படி வயலே இல்லை. குடும்பத்தார் படித்தார்கள், பத்திரிகைக்குப் புகார் சொல்லவில்லை. என்னை மிகவும் வருத்தியது இதுதான். பொய் எழுதுபவன், மறுப்பு சொல்ல வராதவர்களைத்தான் தேடிப் போகிறான்.

தொடரிலும் வீடற்ற முன்னாள் ராணுவ வீரர் ஒருவர், டெம்பிள்டன் தன்னைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுப் பத்திரிகை அலுவலகத்துக்கே வந்து, ‘நான் குடித்தது காபி இல்லை, சாக்லேட் பால்’ என்று சண்டை போடுகிறார். என்னைக் கேட்டால் அந்தச் சீசனிலேயே உயர்ந்த காட்சி அது.

புரசைவாக்கம் பெரியவர்: லட்சுமிகாந்தன் கொலை வழக்கு இதே ரகம்தானே?

கொலையும் பத்திரிகையும் சேர்ந்தது என்றால் ஆமாம் ஐயா. சினிமாக்காரர்களின் சொந்த வாழ்க்கையை எழுதிப் பிழைத்தவர் அவர். ஆனால் அவர் தொட்டது வாயும் வக்கீலும் உள்ளவர்களை. அவர்கள் கவர்னரிடம் மனு கொடுத்து அவரது ‘சினிமா தூது’ பத்திரிகையின் லைசென்ஸையே ரத்து செய்யவைத்தார்கள். பிறகு ‘இந்து நேசன்’ நடத்தினார். 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போகும்போது குத்துப்பட்டு மறுநாள் இறந்தார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறைக்குப் போய், 1947இல் விடுதலையானார்கள்.

தண்டையார்பேட்டை அக்கா மறுபடியும்: டெஸ்க்கில் உட்கார்ந்தபடி பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஊர் தெரிந்திருந்தால் முடியும். ஒரு தடவை மே மாதத்தில் ஒரு கொலைச் செய்தி வந்தது. ஆழ்கடலிலிருந்து விசைப்படகில் விடியற்காலை காசிமேடு திரும்பிய மீனவர் ஒருவர் நேரில் பார்த்ததாக உருக்கமான பேட்டி. ஏப்ரல் 15இலிருந்து மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கிறது. ஃபைபர் படகு என்று எழுதியிருந்தால் நானே விட்டிருப்பேன். நிருபரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் காசிமேட்டுக்கே போகவில்லை. பேட்டியை எடுத்துவிட்டோம், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

தொடரில் டெம்பிள்டனின் செய்திகளைப் பார்க்கும் ஆசிரியர் கஸ் ஹேய்ன்ஸ் செய்வதும் இதுதான். பேஸ்பால் மைதானத்தில் டிக்கெட் இல்லாத சக்கர நாற்காலிச் சிறுவன் என்று டெம்பிள்டன் எழுதி, பெயருக்குப் பதில் இரண்டு எழுத்து மட்டும் தருகிறான். முழுப் பெயர் எங்கே என்று கஸ் கேட்கிறார். மேலே இருப்பவர்கள் கேட்கவில்லை.

திருவொற்றியூர் நண்பர்: கடைசியில் டெம்பிள்டனுக்கே புலிட்சர். ஏன் இப்படி முடித்தார்கள்?

தொடரை உருவாக்கிய டேவிட் சைமன், பால்டிமோர் சன் நாளிதழில் 1995 வரை போலீஸ் செய்தி எழுதியவர். உள்ளே என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். கொலைகாரன் போன் செய்தான் என்று டெம்பிள்டன் சொல்லும்போதே மெக்நல்ட்டிக்கு அது பொய் என்று தெரியும். கொலைகாரனே இல்லையே! ஆனால் வாய் திறந்தால் இவரும் மாட்டுவார். கேள்வி கேட்ட கஸ் காப்பி டெஸ்க்குக்கு இறக்கப்படுகிறார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வியாசர்பாடித் தங்கை: எங்கள் தெருவைப் பற்றி எது வந்தாலும் ‘ரவுடிகளின் கோட்டை’ என்றுதான் எழுதுகிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

எழுதுங்கள். தேதி, பக்கம், தவறான வரி, சரியான தகவல். இந்த நான்கையும் போட்டு முதலில் ஆசிரியருக்கு அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் இந்தியப் பத்திரிகை கவுன்சிலுக்கு அனுப்பலாம். நாளிதழ் என்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் புகார் போக வேண்டும். டிவி செய்தி அவர்களிடம் வராது. எழுதத் தயக்கமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேப்பரோடு ராயபுரம் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.