பதினெட்டாம் பக்கத்து மாத்திரை

கேள்வி: மனச்சிதைவு நோய் வந்த அண்ணனைப் பற்றி 20 பக்கத்தில் குறும்படத் திரைக்கதை எழுதி, உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். ஆசிரியர் 'நம்பும்படி இல்லை' என்கிறார். எங்கே தப்பு?

பதில்: படித்தேன். கதவடியில் தட்டை வைத்த தங்கை, அவன் அதை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கும்வரை நகராமல் நிற்கிறாளே, அந்த அரைப் பக்கம் அருமை. வசனமே இல்லை. திரைக்கதையில் ஒரு பக்கம் என்றால் திரையில் ஒரு நிமிடம் என்ற கணக்கையெல்லாம் மறந்து அதை நீட்டுங்கள்.

சிக்கல் 7-ஆம் பக்கத்தில். அண்ணன் திடீரென்று வேறு ஆளாக மாறிப் பேசுகிறான். அது வேறு நோய். 1908-இல் சுவிஸ் மனநல மருத்துவர் பிளாய்லர் மனச்சிதைவுக்கு 'ஸ்கிசோஃப்ரினியா' என்று பெயர் வைத்தபோது சொன்ன பிளவு, சிந்தனையும் உணர்வும் ஒன்றோடொன்று ஒட்டாமல் போவது. இதில் உருவம் தெரிவதைவிடக் குரல் கேட்பதுதான் அதிகம். நீங்களோ சுவர் முழுக்க நிழலை ஆடவிட்டிருக்கிறீர்கள். ஒலிப்பதிவு செய்யும் நண்பருக்கும் கொஞ்சம் வேலை கொடுங்களேன்!

அப்புறம், 18-ஆம் பக்கத்தில் ஒரு மாத்திரை, மறுநாள் காலையில் பழைய சிரிப்பு. அந்த மருந்து நன்றாகப் பிடிக்க வாரக்கணக்காகும். அந்த வாரங்களில் தங்கை என்ன செய்தாள்? கத்திக் காட்சியைத் தூக்கிவிட்டு அதை எழுதுங்கள். கத்தியை நான் எத்தனையோ மாணவர் திரைக்கதைகளில் பார்த்தாயிற்று.