விற்பவர் தரும் எச்.எஸ். எண்ணையே போட்டுக் குளிர்காலக் கோட்டுகளை இறக்குமதி செய்யலாமா?

கேள்வி: ஆண், பெண், குழந்தைகள் என எல்லோருக்குமாகச் சேர்த்து 200 குளிர்காலக் கோட்டுகள் இறக்குமதி செய்ய இருக்கிறேன். விற்பவர் எல்லாவற்றுக்கும் ஒரே எச்.எஸ். எண் தந்திருக்கிறார். அதையே போட்டால் போதுமா? வரி எவ்வளவு வரும்?

பதில்:

போதாது. எச்.எஸ். எண் என்பது எந்தச் சரக்கு எந்த வகை என்று சுங்கத் துறை பிரித்துப் பார்க்கும் எண். விற்பவர் தந்ததை அப்படியே போட்டு மாட்டியவன் என்பதால்தான் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் இன்னும் முன்பணம் அனுப்பவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். விற்பவர் படங்கள் அனுப்பியிருப்பார், சில மாடல்கள் பிடித்திருக்கும், வரி மட்டும் தெரிந்தால் லாபக் கணக்கை முடித்துவிடலாம் என்ற கட்டத்தில் இருப்பீர்கள். நானும் அந்த இடத்தில்தான் நின்றேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கிளியரிங் ஏஜென்ட் (சுங்கத்தில் சரக்கை விடுவித்துத் தருபவர்) அல்ல, வக்கீலும் அல்ல. சூடு பட்ட பிறகு சுங்க அட்டவணையைப் பக்கம் பக்கமாகப் படித்த ஆள், அவ்வளவுதான். ‘வரியிலிருந்து தப்பிக்க வழி சொல்கிறான்’ என்று யாராவது வரலாம். வரட்டும். சரியான தலைப்பில் (அட்டவணையில் அந்தச் சரக்குக்குரிய நாலு இலக்க எண்) சரியான வரியைக் கட்டுவது பற்றித்தான் எழுதுகிறேன்.

சுங்க அட்டவணையில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. ‘குளிர்காலக் கோட்’ என்பது கடைப் பேச்சு. அட்டவணை கேட்பதெல்லாம் வேறு. வெளித்துணி நெய்ததா, பின்னியதா? என்ன நார்? பூச்சு உண்டா? ஆணுக்கா, பெண்ணுக்கா? பின்னல் துணி என்றால் 61ஆம் அத்தியாயம், நெய்த துணி என்றால் 62. நெய்த துணியில் ஆண்களின் ஓவர்கோட், ஸ்கீ ஜாக்கெட், விண்ட்சீட்டர் வகையறா 6201, பெண்களுடையவை 6202. பின்னலில் அவையே 6101, 6102. உள்ளே பஞ்சோ இறகோ எவ்வளவு திணித்திருந்தாலும் இந்த இடத்தில் பேசுவது வெளித்துணிதான். தோல் கோட் 4203க்குப் போகும். உள்பக்கம் உரோமத்தோலில் லைனிங் கொடுத்திருந்தால் 4303. ஹூட் ஓரத்தில் அழகுக்கு ஒரு பட்டை உரோமம் மட்டும் என்றால் அது துணிக் கோட்டாகவே இருந்துவிடும்.

இனி என் கதை. நானும் ஒரு கூட்டாளியும் சேர்ந்து 320 கோட்டுகள் வரவழைத்தோம். மூன்று மாடல். முதலாவது பாலியெஸ்டர் துணியில் பஞ்சு திணித்து, நடுவில் ஜிப் வைத்த யூனிசெக்ஸ் கோட். இரண்டாவது பெண்களுக்கான நீளக் கம்பளிக் கோட், லேபிளில் பாதி கம்பளி, பாதி பாலியெஸ்டர் என்று போட்டிருந்தது. மூன்றாவது மழையும் காற்றும் புகாத ஆண்கள் கோட். இன்வாய்ஸில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதிவு: விண்டர் ஜாக்கெட், 320. எண் 6201.93.

அது செத்துப்போன எண் என்று எனக்குத் தெரியாது. எச்.எஸ். என்பது பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உலகச் சுங்க அமைப்பு வைத்திருக்கும் பட்டியல். 1988இல் நடைமுறைக்கு வந்தது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்துவார்கள். 2022 ஜனவரி 1இல் வந்த திருத்தத்தில் கோட்டுத் தலைப்புகளைக் கலைத்து அடுக்கிவிட்டார்கள். முன்பு ஓவர்கோட் வகைக்கு ஒரு வரிசை, ஸ்கீ ஜாக்கெட் வகைக்கு இன்னொரு வரிசை என்று இருந்தது. இப்போது நாரை வைத்து மட்டும்தான் பிரிவு: கம்பளி 6201.20, பருத்தி 6201.30, செயற்கை நார் 6201.40, மற்றவை 6201.90. என் விற்பவர் பழைய ஃபைலிலிருந்து எண்ணை எடுத்து ஒட்டியிருக்கிறார்.

ஏஜென்டிடமிருந்து குரல் செய்தி வந்தது. நாலு நிமிடம். அதில் மூன்றரை நிமிடம் வேறு யாருடைய சரக்கைப் பற்றியோ. கடைசியில், “இந்த நம்பரை சிஸ்டம் எடுக்கலை சார், கிட்டத்தட்ட எது வருமோ அதைப் போட்டுடட்டுமா?” என்றார். நானும் “போடுங்க” என்றேன். 320 கோட்டும் 6201.40 ஆகின. ஏஜென்டைக் குறை சொல்லவில்லை. கேட்டுவிட்டுத்தான் செய்தார், சரி என்றவன் நான்.

பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று சுங்கத்திலிருந்து தகவல் வந்தபோதுகூட எனக்குப் பயம் இல்லை. எல்லாம் கோட்டுதானே.

அதிகாரி முதல் கோட்டை மேசையில் விரித்து ஜிப்பை ஏற்றி இறக்கினார். “இது ஆம்பளைக்கா, பொம்பளைக்கா?” நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்: “ரெண்டு பேருக்கும் சார், யூனிசெக்ஸ்.” அவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். 62ஆம் அத்தியாயத்தின் குறிப்பில் இருக்கிறது: முன்பக்கம் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வந்து மூடினால் ஆண்கள் உடை, வலது இடதின் மேல் வந்தால் பெண்கள் உடை. தையலின் அமைப்பே யாருக்கென்று தெளிவாகக் காட்டினால் இந்தக் கணக்கு பொருந்தாது. எதை வைத்தும் பிரிக்க முடியாவிட்டால் பெண்கள் தலைப்பில் வைக்க வேண்டும். ஆக என் யூனிசெக்ஸ் கோட் 6202. ‘இருபாலருக்கும்’ என்று வாயால் சொல்லி நானே கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

மூன்றாவது மாடலுக்கு அவர் கேள்வியே கேட்கவில்லை. ஒரு கோட்டின் வெளித்துணியை லைனிங்கிலிருந்து விலக்கி, அதன் பின்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பு. 59ஆம் அத்தியாயக் குறிப்புப்படி பிளாஸ்டிக் பூச்சு வெறும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், பூச்சால் நிறம் மாறியிருப்பதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. தெரிந்தால் அது 5903 துணி. அந்தத் துணியில் தைத்த கோட் 6201ஐ விட்டு 6210க்குப் போய்விடும். இரண்டிலும் பொருந்துவது போல இருந்தால் 6210க்குத்தான் முன்னுரிமை. பூச்சு கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக இருந்திருந்தால் அதே கோட் 6201இலேயே நின்றிருக்கும். வெறும் கண்ணால் பார்த்து முடிவெடுக்கிற விதி இந்தக் காலத்திலும் இருக்கிறது என்பதை நான் அன்றுதான் நம்பினேன்.

கம்பளிக் கோட்டைப் பற்றி எனக்கு ஒரு கர்வம் இருந்தது. விலை உயர்ந்த சரக்கு, மனதுக்குள் அதைக் கம்பளிக் கோட்டாகவே விற்றுக்கொண்டிருந்தேன். கலப்புத் துணியில் எடையில் எது அதிகமோ அந்த நாராகக் கணக்கு. இரண்டும் சமம் என்றால், பொருந்தக்கூடிய தலைப்புகளில் எண் வரிசையில் கடைசியாக வருவது. கம்பளி 51ஆம் அத்தியாயம், செயற்கை நார் 54, 55. ஆகப் பாதிக்குப் பாதி கலந்த என் கோட் சட்டப்படி செயற்கை நார்க் கோட், 6202.40. தற்செயலாக நாரை மட்டும் சரியாகப் போட்டிருக்கிறேன், ஆனால் ஆண்கள் தலைப்பில்.

ஆக மூன்று மாடலும் தவறு. இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்குக் கூடுதலாக வந்த வரி பெரிய தொகையே அல்ல. அபராதம் அதைவிட அதிகம். குடோன் வாடகையும் கண்டெய்னர் தாமதக் கட்டணமும் அந்த இரண்டையும் சேர்த்ததைவிட அதிகம். ஐந்து வாரம் கழித்துச் சரக்கு கைக்கு வந்தபோது குளிர் இறங்கிக்கொண்டிருந்தது. கோட்டை அடுத்த வருடத்துக்கு மடித்து வைப்பது சுலபம், போட்ட முதலை மடித்து வைக்க முடியாது.

கூட்டாளி அந்த ஐந்து வாரத்திலேயே கழன்றுகொண்டார். “நான் அப்பவே சொன்னேன்” என்றார். அவர் எப்போதும் எதையும் சொன்னதில்லை. பணத்தைக்கூட விடுங்கள். நார் விகிதத்தைச் சரிபார்ப்பதற்காக ஒரு சாம்பிள் கோட்டைப் பிரித்து வெளித்துணி, லைனிங், பஞ்சு என்று தனித்தனியாக எடை போட நான் ஒரு மின்னணுத் தராசு வாங்கியிருந்தேன். “ரெண்டு நாள்ல தர்றேன்” என்று எடுத்துப்போனார். மூன்று வருடம் ஆகிறது. ஆளைப் பார்க்கும்போதெல்லாம் நலம் விசாரிக்கிறார், தராசைப் பற்றி மூச்சு விடுவதில்லை. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனால் கோட் என்று எழுத ஆரம்பித்தாலே தராசில்தான் வந்து நிற்கிறது.

சரி, வரி எவ்வளவு? நீங்கள் எந்த நாட்டுக்குள் கொண்டுவருகிறீர்கள் என்று எழுதவில்லை. முதல் ஆறு இலக்கம்தான் எச்.எஸ். முறையில் இருக்கும் எல்லா நாடுகளுக்கும் பொது. அதன் பிறகு வரும் இலக்கங்களும் வரி விகிதமும் அந்தந்த நாட்டின் விருப்பம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 6201, 6202, 6210 மூன்றுக்குமே பொதுவான விகிதம் 12 சதவீதம், அங்கே நான் செய்த தவறால் வரித் தொகை மாறியே இருக்காது. அமெரிக்காவில் கதை வேறு. நெய்த செயற்கை நாரில் பெண்களுக்கான ஸ்கீ ஜாக்கெட் வகைக்கு அடிப்படை வரி 27.7 சதவீதம். நீர் எதிர்ப்புத் தன்மை இருந்தால் 7.1. பறவையின் மென்தூவி போதிய அளவு திணித்திருந்தால் 4.4. ஆறு இலக்கம் வரை பேசாமல் இருந்த உள்திணிப்பு எட்டாவது இலக்கத்தில் வாயைத் திறக்கிறது. நீர் எதிர்ப்பு என்று லேபிளில் அச்சடித்தால் போதாது. 600 மில்லிமீட்டர் நீரழுத்தத்தில் இரண்டு நிமிடத்தில் ஒரு கிராமுக்கு மேல் தண்ணீர் உள்ளே வரக் கூடாது என்பது சோதனை. இந்த அடிப்படை வரிக்கு மேல், சரக்கு எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துக் கூடுதல் வரிகள் ஏறலாம். வர்த்தக ஒப்பந்தம் இருந்தால் குறையவும் செய்யும், ஆனால் அதற்குத் தோற்றச் சான்று (சரக்கு எந்த நாட்டில் தயாரானது என்பதற்கான சான்று) வேண்டும்.

எந்தத் தொகையின் மேல் சதவீதம் என்பதையும் பாருங்கள். ஐரோப்பாவில் கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த மதிப்பின் மேல் வரி. அமெரிக்காவில் அவற்றைச் சேர்ப்பதில்லை. நீங்கள் விற்பவருக்கு இலவசமாக அனுப்பிய ஜிப், பட்டன், துணி இருந்தால் அவற்றின் மதிப்பையும் கூட்ட வேண்டும். “இன்வாய்ஸ்ல பாதி விலை போட்டுத் தரட்டுமா?” என்று அவர் கேட்பார், நிச்சயம் கேட்பார். வேண்டாம் என்று எழுத்தில் பதில் அனுப்புங்கள். என் கேஸ் தவறான எண்ணோடு முடிந்தது. விலையிலும் பொய் இருந்திருந்தால் இந்தப் பதிலை இவ்வளவு சாவகாசமாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அப்புறம், முன்தீர்ப்பு என்று ஒன்று உண்டு. சாம்பிளையும் விவரத்தையும் கொடுத்து, இது எந்தத் தலைப்பு என்று இறக்குமதிக்கு முன்பே சுங்கத் துறையிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது. 2017இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிதாக்கல் ஒப்பந்தத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 200 கோட்டுக்கு இவ்வளவு தேவையா என்பீர்கள். அடுத்த வருடமும் இதே மாடலை எடுப்பதாக இருந்தால் தேவை. இல்லாவிட்டால் அமெரிக்கச் சுங்கத் துறையின் பழைய தீர்ப்புகள் இணையத்தில் இருக்கின்றன, தேடிப் படியுங்கள். முதல் ஆறு இலக்கத்துக்கான தர்க்கம் புரிந்துவிடும். அவை வேறு நாட்டைக் கட்டுப்படுத்தாது என்பது எனக்கும் தெரியும், யாரும் வந்து சொல்ல வேண்டாம்.

விற்பவரிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: மாடல் வாரியாக இன்வாய்ஸில் தனித்தனிப் பதிவு, வெளித்துணியின் நார் விகிதம், நெய்ததா பின்னலா, பூச்சு உண்டா, எந்தப் பக்கம் எதன் மேல் மூடுகிறது. குழந்தைக் கோட்டுகளுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. 86 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேற்படாத குழந்தைகளுக்கான நெய்த துணிக் கோட்டுகள் 6209, அவற்றில் ஆண், பெண், பூச்சு எதையும் பார்ப்பதில்லை. அதற்கு மேல் என்றால் பெரியவர்களின் தலைப்புகளிலேயே சேரும். விற்பவர் அளவை வயதுக் கணக்கில்தான் எழுதி அனுப்புவார். சென்டிமீட்டரில் கேட்டு வாங்குங்கள்.