பொண்ணு கெமிக்கல் இன்ஜினியரிங் கேக்குது, வெடிக்கிற இடத்துக்கு அனுப்பலாமான்னு கேட்ட அப்பாவுக்கு

சார், உங்க மெசேஜை ரெண்டு தடவ படிச்சேன். பொண்ணு கெமிக்கல் இன்ஜினியரிங்தான்னு ஒத்தக்கால்ல நிக்குது, உங்க வீட்டம்மா நியூஸ்ல பாத்த தீ விபத்தையெல்லாம் சொல்லி அழுவுறாங்க, நீங்க நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறீங்க. கவுன்சிலிங்குக்கு வர்றதுக்கு முன்னாடி நான் பல வருஷம் பிளான்ட்டுல ஷிப்ட் பாத்தவன், அதனால பூசி மெழுகாம சொல்றேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

முதல்ல அந்த பயம். அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்னு நான் சொன்னா அது பொய். 1974 ஜூன் 1, இங்கிலாந்துல ஃபிளிக்ஸ்பரோன்னு ஒரு இடம், வரிசையா ஆறு ரியாக்டர், அதாவது ரசாயன வினை நடக்கிற பெரிய பாத்திரம், ஓடிட்டு இருந்த பிளான்ட்டுல அஞ்சாவதுல விரிசல் விட்டுடுச்சு, அதைக் கழட்டிட்டு நாலாவதையும் ஆறாவதையும் ஒரு தற்காலிகக் குழாய் போட்டு இணைச்சாங்க. அந்தக் குழாய்க்கு முறையான டிசைன் டிராயிங் கிடையாது, வொர்க்ஷாப் தரையில சாக்பீஸால வரைஞ்சதுதான். ரெண்டு மாசத்துல அது பிச்சுக்கிட்டுப் போய், வெளிய வந்த ஆவி வெடிச்சு 28 பேர் செத்துப் போனாங்க. 1984 டிசம்பர்ல போபால், அது நமக்கெல்லாம் தெரிஞ்ச கதைதான், ஆனா எல்லாரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு, விஷப் பொருள் இருந்த டேங்கைக் குளிரா வச்சிருக்க வேண்டிய ரெஃப்ரிஜரேஷனை பல மாசம் முன்னாடியே நிறுத்தி வச்சிருந்தாங்க, வாயுவை எரிச்சு அழிக்க வேண்டிய ஃபிளேர் லைன்ல ஒரு துண்டு குழாயைக் கழட்டி வச்சிருந்தாங்க, வாயுவைக் கழுவி எடுக்கிற ஸ்க்ரப்பர் சும்மா ஸ்டேண்ட்பைல இருந்துச்சு. ஒண்ணு போனா இன்னொண்ணு காப்பாத்தும்னு வச்ச அடுக்கு எல்லாமே ஒரே ராத்திரியில இல்லாமப் போச்சு.

இதை உங்களைப் பயமுறுத்த சொல்லல சார். ரெண்டு இடத்துலயும் கெமிக்கல் தானா வில்லனா மாறிடல. ஒரு மாத்தம் செய்யும்போது, ஒண்ணை நிறுத்தி வைக்கும்போது, "இது இல்லன்னா என்ன ஆகும்"னு கணக்குப் போட்டுப் பாக்க வேண்டிய ஆள் அங்க இல்ல, இல்ல இருந்தும் அவர் பேச்சு எடுபடல. உங்க பொண்ணு ஆசைப்படுற வேலை அந்த ஆளோட வேலைதான். அதனால "ஆபத்தான இடமா"ன்னு மட்டும் கேக்காதீங்க, இவ அந்தக் கேள்வியைக் கேக்கிற ஆளா இருப்பாளான்னு பாருங்க, எனக்கு அதுதான் முக்கியம்.

அடுத்து, கெமிஸ்ட்ரில நல்ல மார்க் அதனால கெமிக்கல்னு எழுதியிருந்தீங்க. இங்க நிறைய பேர் சறுக்குறாங்க. கெமிஸ்ட்ரி வேற, கெமிக்கல் இன்ஜினியரிங் வேற. கண்ணாடிக் குடுவையில ஒரு ரியாக்‌ஷன் அழகா நடக்கும், சூடு வந்தா பக்கவாட்டுல வெளிய போயிடும். அதே ரியாக்‌ஷனை 10 சென்டிமீட்டர் விட்டத்துல இருந்து 2 மீட்டர் விட்டத்துக்குக் கொண்டு போறீங்கன்னு வைங்க, 20 மடங்கு. உள்ள இருக்கிற சரக்கு 8000 மடங்கு ஆகும், ஆனா சூடு வெளியேற வேண்டிய சுவர் பரப்பு 400 மடங்குதான் ஆகும். அப்ப ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கிற குளிர்ச்சி 20ல ஒரு பங்கா குறைஞ்சு போச்சா? பல ரியாக்‌ஷனுக்கு 10 டிகிரி ஏறினா வேகம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும்னு ஒரு தோராயக் கணக்கு இருக்கு, வேகம் கூடினா இன்னும் சூடு, இன்னும் சூடுன்னா இன்னும் வேகம். ரன்அவேன்னு சொல்றது இதைத்தான். சமன்பாடு அதேதான், எழுத்து மாறல, ஆனா பெரிய பாத்திரத்துல அது வேற ஒரு மிருகம்.

2007 டிசம்பர்ல அமெரிக்காவுல டி2ன்னு ஒரு சின்ன கம்பெனியில குளிரூட்டல் நின்னு போய் இப்படித்தான் ரியாக்டர் வெடிச்சு 4 பேர் செத்தாங்க. அதை விசாரிச்ச அமைப்பு என்ன சொல்லுச்சு தெரியுமா, கெமிக்கல் இன்ஜினியரிங் பாடத்திட்டத்துலயே இந்த ரியாக்டிவ் ஆபத்துகளைச் சொல்லித் தரணும்னு. அதுக்கப்புறம் அங்க படிப்புக்கு அங்கீகாரம் குடுக்கிற விதியிலயே அபாயங்களைப் பத்திப் படிக்கணும்னு சேர்த்தாங்க. அதாவது பாதுகாப்புங்கிறது ஹெல்மெட் போடுறது இல்ல சார், அது கணக்குப் பாடம். ஹெல்மெட்டும் வேணும், ஆனா அது கடைசி வரிசை.

அப்ப தினமும் என்னதான் வேலை? பெரும்பாலும் கணக்கு, படம், பேச்சு. எவ்ளோ உள்ள போகுது, எவ்ளோ வெளிய வருது, நடுவுல எங்க காணாமப் போச்சு, இந்த மாஸ் பேலன்ஸ் எனர்ஜி பேலன்ஸ்தான் அரிச்சுவடி. பி அண்ட் ஐடின்னு ஒரு டிராயிங் இருக்கும், ஒவ்வொரு குழாய், வால்வு, மீட்டர் எல்லாம் அதுல இருக்கும், கைல அதை வச்சுக்கிட்டு பிளான்ட்டுல ஒவ்வொரு குழாயும் எங்க போகுதுன்னு பாத்துக்கிட்டே நடக்கணும், படத்துல இருக்கிற வால்வு தரையில இல்லன்னா அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராது, வரவும் கூடாது. அப்புறம் ஹேஸாப், எங்க என்ன தப்பாகலாம்னு முன்கூட்டியே தேடுறது. 1960கள்ல ஐசிஐன்னு ஒரு இங்கிலாந்து கெமிக்கல் கம்பெனியில உருவான முறை, இன்னைக்கும் உலகம் முழுக்க அதான். ஒரு ரூம்ல புராசஸ், மெயின்டனன்ஸ், இன்ஸ்ட்ருமென்ட், ஆபரேட்டர் எல்லாரும் உக்காந்து ஒவ்வொரு குழாயா எடுத்து, இதுல ஓட்டம் இல்லன்னா? அதிகமானா? குறைஞ்சா? திரும்பி ஓடினா? கூட வேற எதாவது கலந்து வந்தா? இப்படியே நாள் கணக்கா, சில நேரம் வாரக் கணக்கா. போர் அடிக்கும்னு நினைப்பாங்க. எனக்கு அது ரொம்பப் பிடிச்ச வேலை, ஏன்னா அந்த ரூம்ல யாரோ ஒருத்தர் திடீர்னு "அப்ப அந்த வால்வு மூடியிருந்தா?"ன்னு கேப்பாங்க, எல்லாரும் ஒரு நிமிஷம் பேச மாட்டாங்க.

ஆட்டோமேஷன் வந்தா வேலை போயிடுமான்னும் கேட்டிருந்தீங்க. நான் ஜூனியரா இருந்தப்ப ஒரு நைட் ஷிப்ட். ஸ்கிரீன்ல ஒரு டேங்க் லெவல் 60 சதவீதம்னு காட்டுது, எனக்கு சந்தோஷம், எல்லாம் நிதானமா இருக்குன்னு. பக்கத்துல இருந்த சீனியர் ஆபரேட்டர் அண்ணன், "தம்பி, நிஜ லெவல்னா கொஞ்சமாவது ஆடும், இது அரை மணி நேரமா கோடு போட்ட மாதிரி நிக்குது பாரு"ன்னு சொல்லிட்டு டார்ச் எடுத்துக்கிட்டு எறங்கிப் போனார். டேங்க் பக்கத்துலயே லெவல் தெரியிற கண்ணாடிக் குழாய்ல பாத்தா டேங்க் கிட்டத்தட்ட நிறைஞ்சிருக்கு, ஸ்கிரீனுக்கு லெவலை அனுப்புற டிரான்ஸ்மிட்டருக்குப் போற சின்னக் குழாய் அடைச்சுப் போய் பழைய நம்பரையே காட்டிட்டு இருந்திருக்கு. ஃபீடை நிறுத்தினோம், ஒண்ணும் ஆகல. அதுக்கப்புறம்தான் 2005ல அமெரிக்காவுல டெக்சாஸ் சிட்டி எண்ணெய் ரிஃபைனரியில நடந்ததை ஒழுங்கா உக்காந்து படிச்சேன். மெயின்டனன்ஸ் முடிச்சு ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு டவர்ல நிரம்பி வழியிற அளவுக்கு திரவம் ஏறிட்டு இருக்கு, மீட்டரோ லெவல் மெதுவா எறங்குதுன்னு காட்டுது, ஹை லெவல் அலாரம் ஸ்விட்ச்சும் அடிக்கல, வழிஞ்சது வெடிச்சு 15 பேர் போயிட்டாங்க. மெஷின் நம்பர் குடுக்கும் சார், அந்த நம்பர் நம்பற மாதிரி இருக்கான்னு பாக்க இன்னும் ஆள் வேணும். வேலை மாறும், ஸ்கிரீன் முன்னாடி உக்கார்ற ஆள் எண்ணிக்கை குறையலாம், அதை மறைக்கல, ஆனா அந்த அண்ணன் மாதிரி புராசஸ் புரிஞ்ச ஆளுக்கு மதிப்பு குறையாது.

சரி, பாதுகாப்பே பேசிட்டு இருக்கேன், கம்பெனி சம்பளம் குடுக்கிறது உற்பத்திக்குத்தானே. ஆமா. எஃபிஷியன்சியும் இதே ஆளோட வேலைதான். ஒரு சின்ன உதாரணம், பம்ப்பை ஃபுல் ஸ்பீடுல ஓட விட்டுட்டு வால்வைத் திருகி ஓட்டத்தைக் குறைக்கிறது, ஆக்சிலரேட்டரை மிதிச்சுக்கிட்டே பிரேக் போடுற மாதிரி. எதிர் அழுத்தம் பெருசா இல்லாத லைன்ல பம்ப் வேகத்தையே 80 சதவீதமா குறைச்சா பவர் கிட்டத்தட்ட பாதியாயிடும், ஏன்னா பவர் வேகத்தோட மும்மடிக் கணக்குல குறையும். இன்னொண்ணு, சூடா வெளிய போற சரக்கை வச்சு குளிரா உள்ள வர்றதை சூடு பண்றது, இதை முறைப்படி கணக்குப் போட பின்ச்னு ஒரு முறை 1970கள் கடைசியில வந்துச்சு, போடோ லின்ஹாஃப்னு ஒருத்தர் பேர் அதுல முக்கியமா வரும். பாய்லர்ல எரிக்கிற எரிபொருள் குறையும், கூலிங் டவர் சுமையும் குறையும்.

நல்லா ஓடுற பிளான்ட்தான் பாதுகாப்பான பிளான்ட்டுங்கிறது என் அனுபவம், ஏன்னா அடிக்கடி நின்னு நின்னு ஓடினா ஒவ்வொரு ஸ்டார்ட்டப்பும் ஒரு ரிஸ்க், நடுவுல வர்ற சரக்கும் வேஸ்ட். ஆனா எப்பவும் ரெண்டும் கைகோத்துப் போகாது. மிச்சம் பிடிக்கலாம்னு ஒரு குளிரூட்டியை நிறுத்தச் சொல்ற மேனேஜர் முன்னாடி, நம்பரை வச்சு "முடியாது சார்"னு சொல்ற தைரியம் வேணும். ட்ரெவர் க்ளெட்ஸ்னு ஐசிஐல இருந்த பெரியவர் ரொம்ப எளிமையா ஒண்ணு சொன்னார், இல்லாத பொருள் ஒழுகாதுன்னு. ஆபத்தான சரக்கை டேங்க் டேங்க்கா சேத்து வச்சு காவல் காக்கிறதை விட, குறைச்சு வை, முடிஞ்சா வைக்காதே. போபால்ல தேங்கிக் கிடந்தது கடைசியா விக்கிற பொருள் கூட இல்ல, நடுவுல வர்ற ஒரு இடைப்பொருள், அதை நினைச்சா இன்னும் மனசு ஆறல.

படிப்பு விஷயம் சுருக்கமா. கெமிக்கல் மட்டும்தான் வழின்னு இல்ல, இன்ஸ்ட்ருமென்டேஷன், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் எல்லாருக்கும் பிளான்ட்டுல இடம் உண்டு, டிப்ளமோ முடிச்சு ஃபீல்டு ஆபரேட்டரா ஆரம்பிச்சு கன்ட்ரோல் ரூம் பேனல்ல உக்காந்து பெரிய ஆளானவங்களும் உண்டு. காலேஜ் பாக்கப் போனா கட்டடத்தைப் பாக்காதீங்க, லேப்ல டிஸ்டிலேஷன் டவரும் ஹீட் எக்ஸ்சேஞ்சரும் பம்ப்பும் நிஜமா ஓடுதா இல்ல தூசி படிஞ்சு நிக்குதான்னு பாருங்க, மூணாவது வருஷத்துப் பசங்க கிட்ட தனியா கேளுங்க. கடைசி வருஷ டிசைன் பிராஜெக்ட்ல ஹேஸாப் பண்ண வைக்கிறாங்களான்னு கேளுங்க. பிளான்ட்டை கம்ப்யூட்டர்லயே ஓட்டிப் பாக்கிற சிமுலேஷனுக்கு காசு குடுத்து கோர்ஸ் சேர்றதுக்கு முன்னாடி டிடபிள்யூசிம்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, வீட்லயே ஆரம்பிக்கலாம்.

ஷிப்ட் இருக்கும், நைட் இருக்கும், அதுவும் சுழற்சியில மாறி மாறி, உடம்பு பழகக் கொஞ்ச காலம் ஆகும். டிசைன் ஆபீஸ், சேஃப்டி, சிமுலேஷன் பக்கம் போனா பகல் வேலை கிடைக்கும், ஆனா என் கருத்து, முதல் ரெண்டு வருஷமாவது பிளான்ட் தரையில நின்னுட்டுத்தான் டெஸ்க்குக்குப் போகணும், இல்லன்னா படத்துல வரைஞ்ச வால்வை ஆள் கை எட்டுமான்னு கூடத் தெரியாது. பொண்ணுன்னு தயங்காதீங்க, ஆனா இன்டர்வியூல கேக்க வேண்டியதைக் கேக்கச் சொல்லுங்க, அளவான கிளவ்ஸ், ஷூ, ரெஸ்பிரேட்டர் இருக்கா, உடை மாத்த இடம் இருக்கா, நைட் முடிஞ்சா வண்டி இருக்கா. தொளதொளன்னு இருக்கிற கிளவ்ஸே ஒரு அபாயம்தான், கேட்டா தப்பா நினைக்கிற கம்பெனின்னா அதுவும் ஒரு பதில்தான்.

பாப்பா, இது உனக்கு. உங்கப்பா போனைக் குடுத்திருப்பார்னு நினைக்கிறேன். உனக்கு இது ஒத்து வருமான்னு நான் சொல்ல முடியாது, ஆனா ஒரு வேலை தர்றேன், ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் போதும். டேங்க் வச்ச வாட்டர் ஹீட்டர் ஒண்ணை எடுத்துக்கோ, கழட்டாதே, தொடாதே, படம் மட்டும் வரை. தண்ணி வர்ற குழாய், போற குழாய், ஹீட்டர், தெர்மோஸ்டாட், சூடு மிஞ்சினா கரன்ட்டை வெட்டுற கட்அவுட், மேல இருக்கிற சேஃப்டி வால்வு. இப்ப ஒவ்வொண்ணா கேளு. தண்ணி வரலன்னா? திரும்பி ஓடினா? தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிட்டு கரன்ட்டை நிறுத்தவே இல்லன்னா? அதை கட்அவுட் பாத்துக்கும்னு எழுதுவ, அப்ப கட்அவுட்டும் போச்சுன்னா? சேஃப்டி வால்வுல உப்பு படிஞ்சு அடைச்சுக்கிட்டா, அது வேலை செய்யுதான்னு கடைசியா யார் எப்ப பாத்தாங்க? எத்தனை கேள்வி வருதோ எல்லாத்தையும் எழுது, பதில் தெரியாததுக்கு பக்கத்துல ஒரு கோடு போடு.

பாதியில சலிச்சு மூடி வச்சுட்டேன்னா அதையும் மறைக்காம சொல்லு, தப்பே இல்ல, வேற வழி பாக்கலாம். முடிச்சுட்டன்னா போட்டோ எடுத்து அனுப்பு, அடுத்த வாரம் அப்பா அம்மா ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு போன் கால்ல வா, அந்தப் பேப்பரை வச்சுக்கிட்டே பேசுவோம்.