பையன் பள்ளிக்கூடம் போகாவிட்டால் பெற்றோர் மேல் கேஸ் வருமா?

எட்டாவது படிக்கும் பையன் அடிக்கடி மட்டம் போடுகிறான், "கேஸ் ஆயிரும்" என்று பள்ளியில் மிரட்டினார்கள், நாங்கள் இருவரும் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீங்க. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, 6 முதல் 14 வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. தவறினால் பெற்றோருக்கு அபராதம், ஜெயில் என்று அந்தச் சட்டத்தில் எதுவும் கிடையாது.

மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. "சும்மா இருக்கறதுக்கு ரெண்டு காசாவது வரட்டும்" என்று பிசிறு வெட்டவோ தறிக்குடோனுக்கோ அனுப்பினால், அது குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் போய் நிற்கும். 14 வயதுக்குள் இருப்பவனை வேலைக்கு வைத்த முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 வருடம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெற்றோருக்கு முதல் தடவை தண்டனை இல்லை. மறுபடியும் அதே குற்றம் என்றால் 10,000 ரூபாய் வரை அபராதம்.

இப்போது செய்ய வேண்டியது: வகுப்பாசிரியரிடம் போய் வருகைப் பதிவேட்டில் இரண்டு மாதத்தைப் பாருங்கள். எந்தக் கிழமை வரவில்லை என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். பரீட்சை நாளாகவே இருந்தால் பாடம் புரியவில்லை. ஒரே ஆசிரியரின் வகுப்பு வரும் நாளாக இருந்தால் அடியோ, கேலியோ. நீங்கள் ஒன்றரை ஷிப்ட் ஓட்டும் வாரமாக இருந்தால் காரணம் வீட்டில்தான். எட்டரை ஷிப்டுக்கு எட்டு மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்புகிறீர்கள். அதன்பின் பள்ளி மணி அடிக்கும்வரை அவனைக் கேட்க ஆளில்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடமோ, அதே பள்ளிக்குப் போகும் பையனிடமோ சொல்லிவைத்துக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். முதல் பீரியடில் அவன் இல்லாவிட்டால் போன் பண்ணும்படி வகுப்பாசிரியரிடம் நம்பர் கொடுங்கள்.

ஆசிரியர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். பிள்ளை ஒழுங்காக வருகிறானா என்று பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவது கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி அவர்கள் கடமை. வீடு தேடி வந்து பேசுபவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் நாலு நாள் கழித்து வருகிற பையனை வெயிலில் நிற்க வைப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. மறுநாள் அவன் எப்படி வருவான்? அடிப்பதும் மனம் நோகச் செய்வதும் 17ஆம் பிரிவில் தடை. "பேரை வெட்டிடுவேன்" என்றாலும் எட்டாவது முடியும்வரை பள்ளியை விட்டு நீக்க முடியாது, அது 16ஆம் பிரிவு.

தலைமையாசிரியரிடம் பேசியும் சரியாகவில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுதிக் கொடுங்கள். அங்கும் நடக்காவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்குக் கூப்பிடுங்கள்.